ஏலம் போகாத ஆட்டக்காரர்: பெரம்பலூர், அரியலூர்ச் சீமையிலிருந்து ஒரு விசாரணை

விஷயத்தின் எல்லை

2022ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி பெங்களூரில், புரோ கபடி லீக்கின் ஒன்பதாவது பருவத்தில் தமிழ் தலைவாஸ் அணி குஜராத் ஜெயன்ட்ஸை எதிர்த்துத் தன் முதல் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தபோது, அந்த ஆண்டின் ஏலத்தில் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு, அதாவது அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் கொடுக்கப்பட்டிராத விலைக்கு, வாங்கப்பட்டிருந்த பவன் ஷெராவத் முழங்காலில் அடிபட்டுக் களத்தை விட்டு வெளியேறினார். அந்தப் பருவத்தில் அவர் திரும்பி வரவேயில்லை. 2017இல் லீக்கில் சேர்ந்தது முதல் பட்டியலின் அடிப்பகுதியிலேயே கிடந்து பழகிய அணிக்கு இது பேரிடி என்றுதான் பார்த்தவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் நடந்தது வேறு. ஏல மேடையில் பெயரே கூவப்படாமல், 'புதிய இளம் வீரர்' என்ற பிரிவில் தனி ஒப்பந்தத்தால் உள்ளே வந்திருந்த நரேந்தர் என்னும் இளைஞர் அந்த ஒரே பருவத்தில் 243 ரைடு புள்ளிகளைச் சேர்த்தார். தலைவாஸ் தன் சரித்திரத்தில் முதன்முறையாக அரையிறுதி வரை சென்றது.

ஏலத்தில் எடுபடாதவன் விலைமதிப்புள்ளவனாக ஆகும் இத்தகைய கதைகள் விளையாட்டு உலகில் நிறைய உண்டு. அவற்றைக் கேட்டு மனம் மகிழ்வதும் இயற்கையே. இக்கட்டுரையின் உத்தேசம் அந்த மகிழ்ச்சியைக் கூட்டுவது அன்று. எடுபடாதவன் மேலெழுவதற்குக் காரணம் அவனுடைய மனவுறுதியா, தேர்ந்தெடுத்தவர்களின் பார்வைக் கோளாறா, அன்றி இவ்விரண்டையும்விட அடிப்படையான வேறொன்றா என்பதே இங்கு விசாரிக்கப்படும் கேள்வி. அதனைப் பெரம்பலூர், அரியலூர் என்னும் இரண்டு சிறிய மாவட்டங்களில் நின்று கேட்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அது போகப்போக விளங்கும்.

அமெரிக்கத் திண்ணை

இக்கேள்வி மிக விரிவாகப் பேசப்பட்டிருக்கும் தேசம் அமெரிக்கா. அங்கே ஃபுட்பால் என்று வழங்குவது நம்முடைய கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும், எதிரியைத் தோளால் மோதி வீழ்த்தியும் ஆடப்படும் முரட்டு ஆட்டம் அது. கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களைத் தொழில்முறை அணிகள், சென்ற ஆண்டு அதிகம் தோற்ற அணிக்கு முதல் உரிமை என்ற கணக்கில், வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் சடங்கை டிராஃப்ட் என்கிறார்கள். 1936இல் இது முதன்முறையாக நடந்தபோது முதற்பெயராக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்பவர் அந்தத் தொழில்முறை லீக்கில் ஒரு நாள்கூட ஆடவில்லை என்பது, தேர்வு என்னும் சாஸ்திரத்தின் முதல் ஏடே பிழையோடு தொடங்கியதைக் காட்டும் வேடிக்கையான சாட்சியம்.

1994 முதல் இந்தச் சடங்குக்கு ஏழு சுற்றுகள்; இப்போது 32 அணிகள். ஆக, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 250 பேர் பெயர் சொல்லி எடுக்கப்படுகிறார்கள். ஆனால் பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமுக்கு ஒவ்வோர் அணியும் 90 பேர் வரை கூட்டிக்கொள்ளலாம். ஆட்டங்கள் தொடங்குமுன் அதனை 53 ஆகக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கைச் சற்று நிதானித்துப் பார்த்தால், டிராஃப்டில் எடுபடாதவன் என்று சொல்லப்படுபவன் வாசற்படியிலேயே விரட்டப்பட்டவன் அல்லன் என்பது தெரியவரும். கடைசிச் சுற்று முடிந்த சில நிமிஷங்களுக்குள் அணிகளின் தொலைபேசிகள் அவனைத் தேடி ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றன. கூலி குறைவு, உறுதி இல்லை, ஆயினும் முகாமில் ஓர் இடம் உண்டு. அவன் வீட்டுக்குள் அழைக்கப்படவில்லை; ஆனால் திண்ணையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருக்கிறான்.

இங்கே ஒரு சிறு விலகல். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், கிராம சபையின் வாரியங்களுக்கு ஆள் தெரிவு செய்த முறை பொறிக்கப்பட்டிருக்கிறது. நிலம், மனை, வயது, கல்வி ஆகிய யோக்கியதைகளைக் கண்டு தகுதியற்றோரை நீக்கிய பின்னர், எஞ்சிய பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுபிள்ளை ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஓர் எல்லைக்கு அப்பால் மனித மதிப்பீடு செல்லாது, அதன்பின் அதிர்ஷ்டமே தீர்மானிக்கட்டும் என்று அவர்கள் நேர்மையாக ஒப்புக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் காலத்து ஏலங்களும் டிராஃப்டுகளும் அதே அதிர்ஷ்டத்தை உள்ளே வைத்துக்கொண்டு, வெளியே மட்டும் கணித சாஸ்திரத்தின் உடையை உடுத்திக்கொள்கின்றன.

வழங்கிவரும் விளக்கங்கள்

பொதுஜனங்களுக்கு மிகவும் பிடித்த விளக்கம் மனவுறுதி பற்றியது. கர்ட் வார்னர் 1994இல் எடுபடாமல் போனார். முகாமிலிருந்தும் அனுப்பப்பட்டு, அயோவா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில் இரவு நேரத்தில் அலமாரிகளை நிரப்பும் வேலை பார்த்தார். பின் உள்ளரங்க லீக்கிலும், அதன்பின் ஆம்ஸ்டர்டாமிலும் ஆடிவிட்டு, 2000ஆம் ஆண்டு ஜனவரியில் செயின்ட் லூயிஸ் அணிக்கு சூப்பர் பவுல் கோப்பையைப் பெற்றுத் தந்து அவ்வாட்டத்தின் சிறந்த வீரராகவும் கொண்டாடப்பட்டார். 2002இல் எடுபடாத ஜேம்ஸ் ஹாரிசன் பலமுறை நீக்கப்பட்டுத் திரும்பி வந்து, 2008இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றார். நிராகரிப்பே அவர்களுக்குள் ஓர் அக்கினியை மூட்டியது என்று சொல்வார்கள்.

இந்த விளக்கத்தில் எனக்குள்ள ஆட்சேபம் எளியது. மளிகைக் கடையில் அலமாரி அடுக்கிய ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அலமாரியையே அடுக்கிக்கொண்டிருந்துவிட்டு ஓய்வு பெற்றார்கள். அவர்களுக்கு மனவுறுதி குறைவு என்று சொல்ல நம்மிடம் எந்தப் பிரமாணமும் இல்லை. கரையேறியவனிடம் மட்டும் நீச்சலின் ரகசியத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால், அவ்வேடு சுவையாக இருக்கும். ஆற்றின் ஆழம் மட்டும் அதில் இராது.

மற்றொரு விளக்கம் அளவுகோலைக் குறை கூறுவது. இது முன்னதைக் காட்டிலும் வலுவுள்ளது. வாரன் மூன் 1978இல் எடுபடாமல் போனதற்கு அவருடைய கைத்திறனில் குறை எதுவும் காரணம் அன்று. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் தலைமை இடத்தைக் கறுப்பினத்தவர் ஒருவருக்கு நம்பிக் கொடுக்க அன்றைய அணிகள் பெரும்பாலும் தயங்கின. அவர் கனடாவுக்குச் சென்று எட்மன்டன் அணிக்கு ஐந்து கோப்பைகளை வென்று தந்த பிறகே தாய்நாட்டு லீக் அவரை அழைத்தது. அன்டோனியோ கேட்ஸ் கல்லூரியில் ஆடியது கூடைப்பந்து. ஃபுட்பால் அளவுகோல்கள் அவரை அளக்கவே இல்லை, ஆகவே அவர் 2003இல் எடுபடவும் இல்லை. 2025இல் அவர் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சியங்கள் உண்டு, ஜாதி என்ற அளவுகோல் உட்பட. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் இடம்பெற்று அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி 2025இல் வெளிவந்த 'பைசன்' திரைப்படம், ஒரு கிராமத்துப் பையன் மைதானத்தை அடைவதற்கு முன்பே தெருவில் எத்தனை தேர்வுகளைக் கடக்கவேண்டியிருக்கிறது என்பதைத்தான் தன் பொருளாகக் கொண்டிருக்கிறது.

ஆனால் அளவுகோல் பிழைபட்டது என்பதை ஒப்புக்கொண்ட பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அந்தப் பிழை எப்போது, எதனால் வெளிச்சத்துக்கு வந்தது? தேர்வாளர் தாமாகவே மனம் மாறி, எடுபடாதவனைத் தேடிப் போய் அழைத்து வந்த சந்தர்ப்பங்கள் மிக அபூர்வம்.

காயம் என்னும் தேர்வாளர்

மேற்கண்ட கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, அவற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒற்றை வாக்கியத்தில் கடந்துபோகும் ஒரு சம்பவம் பலவற்றில் இருப்பதைக் காண்கிறோம். 1999ஆம் ஆண்டு ஆகஸ்டில் பருவத்துக்கு முந்தைய ஆட்டமொன்றில் டிரென்ட் கிரீன் என்பவருக்கு முழங்காலில் அடிபட்டிராவிட்டால் வார்னர் அந்த ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பவன் ஷெராவத் விழுந்திராவிட்டால் நரேந்தருக்கு அத்தனை ரைடுகள் கிடைத்திருக்க மாட்டா. கிரிக்கெட்டிலும் இதே கதைதான்: 2011 ஐ.பி.எல். ஏலத்தில் விலைபோகாத கிறிஸ் கெயில், டிர்க் நானஸ் காயமுற்றதால் பெங்களூரு அணிக்கு மாற்று வீரராக வந்து, 608 ரன் குவித்து அப்பருவத்தின் முதல் இடத்தைப் பிடித்தார். 2022இல் விலைபோகாத ரஜத் பட்டிதார், லவ்னித் சிசோடியா காயமடைந்ததால் அதே அணிக்குள் நுழைந்து, வெளியேற்றுச் சுற்றில் ஆட்டமிழக்காமல் 112 ரன் எடுத்தார்; 2025இல் அவ்வணி தன் முதல் கோப்பையை வென்றபோது தலைவர் அவரே. நம் சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020இல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றது வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காக. ஒருவர் பின் ஒருவராகப் பந்துவீச்சாளர்கள் காயமுற்றதன் பயனாக, அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

எனவே என் அபிப்பிராயம் இது: எடுபடாதவனை மேலே கொண்டுவருவது அவன் மனவுறுதியும் அன்று, தேர்வாளரின் ஞானோதயமும் அன்று, பிறருடைய காயத்தாலோ ஓய்வாலோ உண்டாகும் காலியிடம். ஆனால் காலியிடம் எல்லாருக்கும் பயன்படுவதில்லை. அது உண்டாகும் கணத்தில் வாசலுக்கு மிக அருகில் நிற்பவனுக்கே பயன்படும். வார்னர் அணியின் பெஞ்சில் இருந்தார். நரேந்தர் அணியின் முகாமில் இருந்தார். நடராஜன் அணியின் விமானத்திலேயே போயிருந்தார். திறமை அங்கே இருந்தது என்பதில் சந்தேகமில்லை. அந்தத் திறமை நின்ற தூரம்தான் காரியத்தைத் தீர்மானித்தது.

இதற்கு மறுபுறமும் உண்டு. புரோ கபடியில் 1,800க்கும் மேற்பட்ட ரைடு புள்ளிகளைக் குவித்து, அந்த லீக்கின் சரித்திரத்திலேயே எவரையும்விட முன்னே நின்ற பர்தீப் நர்வால் 2025 ஏலத்தில் வாங்குவார் இன்றித் தம் ஓய்வை அறிவித்தார். ஏலம் என்பது ஒரு மனிதனின் மதிப்பை அறிவிப்பதன்று, அந்த வருஷத்தின் தேவையை அறிவிப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

அரியலூரிலிருந்து ஜகார்த்தா வரை

இப்போது நம் சீமைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கிப் போட்டியின் தொடக்க ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் அரியலூர் செல்வம் கார்த்தியினுடையது. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அவருடைய அறிமுகத் தொடரும் அதுவே. பெரிய வருமானமில்லாத குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞர், இந்தியச் சட்டையணிந்த முதல் தொடரிலேயே அப்படிப்பட்ட ஆட்டத்தில் கோலடித்ததைப் பத்திரிகைகள் தக்கபடி கொண்டாடின. பின்னர் அரசும் அவர் குடும்பத்துக்கு அரியலூரில் ஒரு வீட்டை ஒதுக்கிக் கொடுத்தது.

ஆனால் நம் விசாரணைக்கு வேண்டிய செய்தி கொண்டாட்டத்தில் இல்லை. அந்த ஆசியக் கோப்பைக்கு இந்தியா தன் மூத்த வீரர்களில் மிகப் பலருக்கு ஓய்வளித்து, பெரும்பாலும் இளைஞர்களையே அனுப்பியது. காலியிடம் அப்படித்தான் உண்டாயிற்று. அந்தக் காலியிடத்தின் வாசலில் கார்த்தி நின்றதற்குக் காரணம் அவர் அரியலூரில் நின்றதன்று. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தெற்கே, ஹாக்கி ஊறிய கரிசல் ஊராகிய கோவில்பட்டியின் அரசு விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றது. அவரோடு அதே அணியில் அறிமுகமான மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரரே. அவருக்கு அந்த மைதானம் சொந்த ஊர். கார்த்திக்கோ அது வீட்டை விட்டுப் போக வேண்டிய இடம்.

2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்த ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையிலும் அவர் ஆடினார்; மலேசியாவை 5-0 என்று வென்ற ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது; இறுதியிலும் இந்தியா அதே மலேசியாவை 4-3 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அதன்பின் அதே ஆண்டின் ஹாங்சோ ஆசிய விளையாட்டு அணியிலும், 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் அவர் பெயர் இல்லை. மூத்தவர்கள் திரும்பினார்கள், காலியிடம் மூடிக்கொண்டது. இதனைத் தோல்வி என்று எண்ணுவது அறியாமை. வாசல்கள் திறப்பதும் மூடுவதும் ஆட்டக்காரனின் கையில் இல்லை என்பதற்கு இது சாட்சி, அவ்வளவே.

மாவட்டம் என்னும் வாசல்

தமிழ்நாட்டில் விளையாட்டுத் தேர்வின் அடிப்படை அலகு மாவட்டம். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளானாலும், முதலமைச்சர் கோப்பையானாலும், கபடிச் சங்கத்தின் மாநிலப் போட்டியானாலும், ஒரு பையன் முதலில் தன் மாவட்டத்தின் பெயரைச் சட்டையில் அணிந்தால்தான் மாநிலத் தேர்வாளரின் கண்ணில் படுவான். ஆகையால் மாவட்ட எல்லை என்பது வருவாய்த் துறையின் விவகாரம் மட்டுமன்று. எத்தனை பேருக்கு வாசல் திறக்கும் என்பதை நிர்ணயிக்கும் கோடும் அதுவே.

பெரம்பலூர் 1995 செப்டம்பர் 30 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதி. அன்று அது தனி மாவட்டமாயிற்று. 2001 ஜனவரி 1இல் அரியலூர் அதிலிருந்து பிரிந்தது. 2002 மார்ச் 31இல் மறுபடியும் சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23இல் மீண்டும் பிரிந்தது. ஆட்டச் சங்கங்களின் எல்லைகள் அரசாணையோடு அதே நாளில் நகர்வதில்லை என்றாலும், ஜெயங்கொண்டம் பக்கத்தில் 1985இல் பிறந்த ஒரு கபடிப் பையன், தன் வீட்டுத் திண்ணையை விட்டு எழாமலே திருச்சிக்காரன், பெரம்பலூர்க்காரன், அரியலூர்க்காரன், மீண்டும் பெரம்பலூர்க்காரன், கடைசியாக அரியலூர்க்காரன் என்று ஐந்து அவதாரம் எடுத்திருக்கிறான். வேடிக்கையை விட்டுவிட்டுப் பார்த்தால், பெரிய திருச்சி மாவட்டத்தின் ஒரே அணியில் இடம் தேடி நின்ற கிராமங்களுக்கு இப்போது இரண்டு தனி அணிகள் கிடைத்திருக்கின்றன. கபடியில் களமிறங்குவோர் எழுவர், மாற்று ஆட்டக்காரர் ஐவர். ஒரு புதிய மாவட்டம் பிறந்தால் பன்னிரண்டு சட்டைகள் பிறக்கின்றன. எந்தப் பயிற்சி முகாமும் செய்யாத காரியத்தை ஓர் அரசாணை செய்துவிடுகிறது.

ஆயினும் அந்தச் சட்டையிலிருந்து லீக்கின் வாசல் வரை உள்ள தூரம் குறையவில்லை. பெரம்பலூர் மாவட்டத் தலைநகருக்கு இன்றும் ரயில் நிலையம் இல்லை. சென்னை, திருச்சி சாலையில் பேருந்துதான். புரோ கபடியின் ஆட்டம் மேட் எனப்படும் விரிப்பின்மேல், காலணியோடு ஆடப்படுவது. நம் கிராமங்களில் பெரும்பாலும் ஆடப்படுவது மண்ணில், வெறுங்காலோடு. மண்ணில் வழுக்கித் திரும்பக் கற்ற கால் விரிப்பில் பிடித்துக்கொள்கிறது. விரிப்பில் பழகியவனுடைய வேகம் மண்ணில் கிடைப்பதில்லை. இவ்விரண்டும் ஒரே ஆட்டத்தின் இரண்டு வழக்குகள். ஒன்றில் புலமை உள்ளவனை மற்றொன்றில் பரீட்சித்து மார்க் போடுகிறோம்.

இந்தத் தடைகளுக்கு மத்தியிலும் இங்கு கபடி குறையவில்லை. மக்காச்சோளமும் பருத்தியும் வீடு வந்து, சின்ன வெங்காயம் பட்டறை ஏறிய பிறகு, ஊர்த் திருவிழாக்களை ஒட்டி இரவுப் போட்டிகள் தொடங்குகின்றன. நோட்டீஸில் முதற்பரிசு தருபவர் பெயர், சுழற்கோப்பை தருபவர் பெயர், நுழைவுக் கட்டணம், எடைப்பிரிவு எல்லாம் அச்சாகின்றன. எடைப்பிரிவுப் போட்டியானால் பையன்கள் தராசில் ஏறும்வரை சோறு உண்ணாமல் திரிகிறார்கள். வெளியூரிலிருந்து பணம் கொடுத்து அழைக்கப்படும் ரைடர்களும் உண்டு. அவர்களை ஓர் ஊர் அணி கூப்பிடும் விதத்தில்தான், எந்த அளவுகோலும் இன்றி, இந்தச் சீமையின் உண்மையான ஏலம் நடக்கிறது. ஒரு பையன் சென்ற வாரம் பக்கத்து ஊரில் எப்படிப் பாடிப்போனான், எந்தக் கார்னரை உடைத்தான் என்பதை நேரில் கண்டவர்களின் வாய்மொழியே அவன் விலை. இந்தப் பையன்களில் பெரும்பாலோருடைய லட்சியம் லீக் அன்று. விளையாட்டு வீரர்களுக்கு அரசுப் பணிகளில் ஒதுக்கப்பட்ட 3 விழுக்காட்டில் ஓரிடம், காவல் துறையிலோ ரயில்வேயிலோ ஒரு சீருடை. தேர்வு என்ற சொல்லுக்கு அவர்கள் அகராதியில் அதுதான் பொருள்.

சாட்சியங்களைப் பற்றி

வார்னரைப் பற்றி நம்மால் இவ்வளவு எழுத முடிகிறதென்றால், அவர் எடுபடாத காலத்தில் எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு இருப்பதே அதற்குக் காரணம். கல்லூரியில் எத்தனை கெஜம், உள்ளரங்கில் எத்தனை கெஜம் என்று எவரும் புரட்டிப் பார்க்கலாம். டிராஃப்டின் பிழையைப் பிற்காலத்தில் டிராஃப்டுக்கு எதிராகவே நிரூபிக்க இந்த ஏடுகள் உதவுகின்றன. நரேந்தரின் 243 புள்ளிகளும் அவர் உள்ளே வந்த பின்னர் எழுதப்பட்டவையே. அவற்றுக்கு முன் அவர் ஆடியதற்கு அத்தகைய ஏடு கிடையாது.

நம் இரவுப் போட்டிகளிலும் ஏடு இல்லாமல் இல்லை. மைக்கின் பக்கத்தில் ஒருவர் நாற்பது பக்க நோட்டில் கோடு கிழித்து, ரைடுக்கு ஒரு புள்ளி, போனஸுக்கு ஒரு புள்ளி, அணி முழுவதும் வெளியேறினால் கூடுதலாக இரண்டு புள்ளி என்று விடியும்வரை எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். கோப்பையில் வென்ற ஊரின் பெயர் மட்டும் செதுக்கப்படுகிறது. மறுநாள் காலையில், பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் எவ்வளவு பாக்கி என்று கூட்டிப் பார்க்க அந்த நோட்டின் பின்பக்கம் கிழிக்கப்படுகிறது.